13,000 சம்பளம், கைக்கு 9,229: மீதி எங்கே போகிறது?

கேள்வி, 2025 செப்டம்பர் 6

அம்மாவுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை, காண்ட்ராக்ட். சம்பளம் 13,000 என்று பேசிச் சேர்த்தார்கள். கைக்கு வருவது 9,229. கேட்டால் "பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் போக அவ்வளவுதான்" என்கிறார் சூப்பர்வைசர். சம்பளச் சீட்டு கிடையாது. "இந்தப் பிஎஃப்பே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுறேன், முழுச் சம்பளம் தரட்டும்" என்கிறார் அம்மா. கையில் காசில்லாதவர்களுக்கு இந்தத் திட்டங்களால் என்ன பயன்?

செப்டம்பர் 6, இரவு

எழுதிக் கொடுக்க வேண்டாம். 15,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்குப் பிஎஃப் கட்டாயம். எழுதிக் கொடுத்தாலும் செல்லாது, ஆனால் அந்தக் காகிதத்தைக் காண்ட்ராக்டர் பத்திரமாக வைத்துக்கொள்வார்.

இப்போது கணக்கு. 13,000ல் 9,229 போனால் பிடித்தம் 3,771. அதாவது 29 சதவீதம். இந்த 29 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தொழிலாளி பங்கு: பிஎஃப் 12, இஎஸ்ஐ 0.75. நிர்வாகத்தின் பங்கு: பிஎஃப் 12, அதோடு சேரும் காப்பீட்டுக்கு 0.5, நிர்வாகக் கட்டணம் 0.5, இஎஸ்ஐ 3.25. எல்லாம் கூட்டினால் 29. அம்மாவின் சம்பளத்திலிருந்து முதலாளி கட்ட வேண்டியதையும் சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள்.

சட்டப்படி பிடிக்கக்கூடியது 1,560 + 98 = 1,658. கைக்கு 11,342 வர வேண்டும். மாதம் 2,113 ரூபாய் அவர் கையிலிருந்து போகிறது, வருடத்துக்கு 25,356. நிர்வாகப் பங்கைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது என்று பிஎஃப் திட்டத்திலும் இஎஸ்ஐ சட்டத்திலும் வெளிப்படையாகவே இருக்கிறது. "சிடிசி (நிர்வாகத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) 13,000" என்று பேசினோம் என்பார்கள். குறைந்தபட்ச ஊதியம் சிடிசி அல்ல. நிர்வாகத்தின் பங்கு அதற்கு மேல்தான் வர வேண்டும்.

வேறு யாராவது இதைப் படித்தால் முதலில் செய்ய வேண்டியது ஒரே ஒரு வகுத்தல்: பிடித்தத்தைச் சம்பளத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 12.75 வந்தால் சரி. 25ஐத் தாண்டினால் இரண்டு பங்கும் உங்கள் தலையில்தான்.

செப்டம்பர் 7

அடுத்த கேள்வி: பிடித்த பணம் கட்டப்பட்டதா?

பிஎஃப்புக்கு யூஏஎன் என்ற 12 இலக்க எண் இருக்கும். அதில் பதிவான கைபேசியிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாக விழுந்த தொகை குறுஞ்செய்தியில் வரும். மத்திய அரசின் உமங் செயலியில் பாஸ்புக் மாதவாரியாகத் தெரியும். இஎஸ்ஐக்கு 10 இலக்கக் காப்பீட்டு எண், பெஹ்சான் என்ற அடையாள அட்டை.

எண்ணே தர மாட்டேன் என்பார்கள். அல்லது தருவார்கள், ஆனால் மிஸ்டு கால் கொடுத்தால் பதில் வராது. காரணம் பல இடங்களில் ஒன்றுதான்: 60 பேருக்கும் சூப்பர்வைசரின் ஒரே கைபேசி எண்ணைப் போட்டுப் பதிவு செய்திருப்பார்கள். குறுஞ்செய்தி எல்லாம் அவருக்குப் போகும். இதற்குக் காண்ட்ராக்டர் தயவு தேவையில்லை. அம்மாவின் ஆதாரில் அவருடைய சொந்தக் கைபேசி எண் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் முதலில் ஆதார் மையம். பிறகு பிஎஃப் உறுப்பினர் தளத்தில் ஆதார் ஓடிபி மூலம் யூஏஎன் எண்ணைத் தெரிந்துகொள்ளலாம், கைபேசி எண்ணையும் மாற்றலாம். பொதுச் சேவை மையத்தில் செய்வதானால் அம்மாவும் உடன் போக வேண்டும், ஓடிபி அவர் கைபேசிக்குத்தான் வரும்.

செப்டம்பர் 9

நேற்று முன்தினம் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன், அதைச் சொல்லாவிட்டால் தவறான புகார் போய்விடும். பாஸ்புக்கில் நிர்வாகப் பங்கு 1,560 என்று ஒரே வரியாக இருக்காது. தொழிலாளி 1,560, நிர்வாகம் 477, ஓய்வூதியம் 1,083 என்று மூன்று பத்தி. நிர்வாகத்தின் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, 3.67 மட்டுமே பிஎஃப் கணக்குக்கு. 477 + 1,083 = 1,560. "முதலாளி 477தான் போட்டிருக்கிறான்" என்று எழுதிக்கொண்டு பிஎஃப் அலுவலகத்துக்குப் போனால் அந்தப் புகார் அங்கேயே முடிந்துவிடும், உண்மையான புகாரும் அதோடு சேர்ந்து போகும்.

செப்டம்பர் 9, மாலை

ஆகஸ்ட் மாதப் பணம் இன்னும் விழவில்லையே என்கிறீர்கள். செப்டம்பர் 15 வரை கெடு இருக்கிறது. இஎஸ்ஐக்கும் அதே தேதி. 20க்கு மேல் பாருங்கள்.

செப்டம்பர் 21

நீங்கள் அனுப்பிய பாஸ்புக் படத்தில் இருப்பது 720, 220, 500. அப்படியானால் கட்டியது 6,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு. 13,000ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 500, ஆக 12 நாள். அம்மா 26 நாள் போகிறார், பிஎஃப் அலுவலகத்துக்குக் காண்ட்ராக்டர் அனுப்பும் மாதாந்திர இசிஆர் பட்டியலில் 12 நாள் வேலை, 14 நாள் "பங்களிப்பில்லா நாள்" என்று காட்டியிருக்கிறார்கள். பிடித்தது முழுச் சம்பளத்துக்கு, கட்டியது பாதிக்கும் கீழே.

பணம் குறைந்ததோடு இது முடிவதில்லை. இஎஸ்ஐயில் நோய்க்கால உதவி வாங்க, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குக் கட்டியிருக்க வேண்டும். மாதம் 12 நாள் காட்டினால் ஆறு மாதத்தில் 72. ஆறு நாள் குறைகிறது. 13 நாள் காட்டியிருந்தால் சரியாக 78 வந்திருக்கும். அந்தக் குறைச்சலால் போவது என்ன? மருத்துவர் ஓய்வு எழுதினால் சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், நாளுக்கு 350. முழு 91 நாளும் தேவைப்பட்டால் 31,850. கர்ப்பப்பை அறுவைக்குப் பிறகு வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு அந்தத் தொகைதான் அடுப்பெரிய வைக்கும். தரவில்லை என்று எல்லோரும் திட்டுவது இஎஸ்ஐயை. குற்றம் அந்த 12 என்ற எண்ணில் இருக்கிறது.

வேலையிடத்து விபத்துக்கு இந்த நாள் கணக்கு கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் தற்காலிக ஊன உதவி உண்டு, சராசரிக் கூலியில் 90 சதவீதம். "இன்னும் இஎஸ்ஐ போடலை, தனியார் ஆஸ்பத்திரில நாங்க பார்த்துக்குறோம்" என்று கூட்டிப் போனால் விபத்து அறிக்கை பதிவாகாது. பிறகு விரல் மடங்காமல் போனால் கேட்க இடமே இருக்காது. அன்றே விபத்து அறிக்கை போட வையுங்கள்.

செப்டம்பர் 28

ஒருவர் செக்யூரிட்டி வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். 12 மணி நேர டியூட்டி, மாதம் 13,000.

வாரத்துக்கு 48 மணி நேரம் சாதாரண வேலை. 12 மணி நேரம் ஆறு நாள் நின்றால் 72. மீதி 24 மணி நேரம் ஓவர்டைம், கூலி இரட்டிப்பு. நாள் கூலி 500 என்றால் மணிக்கு 62.50, இரட்டித்தால் 125. தினமும் 4 மணி நேரம் கூடுதல் என்பது தினமும் இன்னொரு 500. 26 நாளுக்கு 13,000. வாசலில் நிற்கிறவருக்கு 26,000 வர வேண்டும், பாதிதான் வருகிறது. பலருக்கு வார விடுமுறையும் இல்லை. அதைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெரிது.

இதில் இரண்டு விவரம். ஓவர்டைம் மேல் பிஎஃப் கிடையாது, இஎஸ்ஐ உண்டு. ஆனால் 21,000 இஎஸ்ஐ வரம்பைத் தாண்டினாரா என்று பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது. அதனால் 26,000 வாங்கினாலும் இவர் இஎஸ்ஐக்குள்தான்.

இன்னொரு கழிவு 30ஆல் வகுப்பது. மாதச் சம்பளத்தை 30ஆல் வகுத்து, வந்த 26 நாளுக்கு மட்டும் கொடுத்தால் 11,267. ஞாயிறு கூலி 1,733 காணாமல் போகிறது. லீவு போட்டால் கழிக்கும்போது மட்டும் 26ஆல் வகுத்து 500 கழிப்பார்கள். இரண்டு மாதச் சீட்டை அருகருகே வைத்தால்தான் இது தெரியும்.

அக்டோபர் 5

எங்கே புகார் கொடுப்பது என்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள்.

வேலை நடக்கும் இடம் யாருடையது என்று பாருங்கள். ரயில்வே, விமான நிலையம், துறைமுகம், வங்கி, மத்தியப் பொதுத்துறை நிறுவனம் என்றால் மத்திய அரசின் வரம்பு: மண்டலத் தொழிலாளர் ஆணையர் (மத்திய) அலுவலகம். அங்கே மத்திய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும், அகவிலைப்படி ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாறும். தனியார் அலுவலகம், மருத்துவமனை, மால், கல்லூரி, மாநில அரசுக் கட்டடம் என்றால் மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). தமிழ்நாட்டு அகவிலைப்படி சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒட்டி ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 1ல் மாறும். ஏப்ரலுக்குப் பிறகும் பழைய தொகையே வந்தால் அது தனிப் புகார்.

பிஎஃப் தொகை குறைவாகக் கட்டியதற்கு பிஎஃப் அலுவலகம். ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் "நிதி ஆப்கே நிகட்" முகாம் நடக்கும், விடுமுறையென்றால் அடுத்த வேலைநாள். அங்கே அதிகாரியை நேரில் பார்க்கலாம்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: வங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்த வரிகள், அடையாள அட்டை அல்லது கேட் பாஸ் படம், வருகைப் பதிவேட்டின் படம் (உங்கள் பெயருள்ள வரி, தேதி தெரியும்படி), பாஸ்புக் அச்சு. படம் எடுக்க முடியாத இடத்தில் தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று மாத நோட்டு நல்ல சான்று.

புகாரில் காண்ட்ராக்டர் பெயரோடு நிறுத்தாதீர்கள். வேலை வாங்கும் நிறுவனத்தின் பெயரையும் எழுதுங்கள். 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலை வாங்கும் நிறுவனம், தர வேண்டும். பட்டுவாடா நடக்கும்போது அவருடைய ஆள் உடனிருந்து சான்று தர வேண்டும். பிஎஃப்பிலும் அப்படித்தான், முதல் பொறுப்பு அவருடையது, பிறகு அவர் காண்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது பெயரைச் சேர்த்தவுடன் புகாரின் வேகமே மாறும்.

குறைந்தபட்ச ஊதிய வழக்குக்கு ஆறு மாதக் கெடு, தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்பார்கள்.

அக்டோபர் 6

அரசு இடமென்றால் இன்னொரு வழி, தகவல் உரிமை மனு. 10 ரூபாய், 30 நாள். "எல்லாத் தொழிலாளர்களின் பட்டியல்" என்று கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுக்கிறார்கள். இப்படிக் கேளுங்கள்: குறிப்பிட்ட மாதத்துக்குக் காண்ட்ராக்டர் கொடுத்த பில்லின் நகல், அதில் காட்டிய ஆட்களின் எண்ணிக்கை, மொத்த வேலை நாட்கள், இணைத்த பிஎஃப், இஎஸ்ஐ செலானின் மொத்தத் தொகை, பட்டியலில் எனக்குரிய வரி மட்டும். பில்லில் 60 பேருக்கு 1,560 நாள், செலானில் 720 நாள் என்று வந்தால் வேறு வாதமே வேண்டியதில்லை.

அக்டோபர் 12

தீபாவளி நெருங்குகிறது. சேலையும் ஸ்வீட் பாக்ஸும் ஆயிரம் ரூபாயும் போனஸ் அல்ல. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், வருடத்தில் 30 நாளாவது வேலை செய்தவருக்கு, மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் குறைந்தது 8.33 சதவீதம். கணக்கிடும் சம்பளம் 7,000 அல்லது குறைந்தபட்ச ஊதியம், எது அதிகமோ அது. 13,000தான் குறைந்தபட்ச ஊதியம் என்றால் முழு வருடத்துக்கு 12,995. மார்ச்சில் கணக்கு முடிக்கும் நிறுவனத்துக்கு நவம்பர் 30 கெடு. தொகை எழுதாத பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டால் முதலில் தொகையை எழுதச் சொல்லுங்கள்.

அக்டோபர் 13

பெயர்ப் பிரச்சினை. நம் ஊர் இனிஷியல் பிஎஃப் கணினிக்குப் புரிவதில்லை. ஆதாரில் "லட்சுமி எம்", வங்கியில் "எம் லட்சுமி", பிஎஃப்பில் "லட்சுமி முருகன்" என்றிருந்தால் மூன்றும் மூன்று பேர். அதோடு ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் சொல்லிப் பதிந்தவர்களுக்குத் தேதி ஜனவரி 1 ஆகிவிடும், பள்ளிச் சான்றிதழில் வேறு தேதி இருக்கும். பணம் எடுக்கப் போகும்போது திருத்தினால் மாதக்கணக்கில் இழுக்கும். வேலையில் இருக்கும்போதே மூன்றையும் ஆதாரின் எழுத்துக்கு ஒத்துக் கொண்டுவாருங்கள். பெண்களுக்குத் தந்தை பெயர், கணவர் பெயர்ப் பத்தி மாறியிருப்பதும் வழக்கம்.

வாரிசு நியமனத்தையும் அப்போதே போடுங்கள். பிஎஃப்போடு சேர்ந்த காப்பீடு (அந்த 0.5 சதவீதம் இதற்குத்தான்) வேலையில் இருக்கும்போது எப்படி இறந்தாலும் பொருந்தும். சராசரி மாதச் சம்பளத்தைப் போல் 35 மடங்கும், பிஎஃப் இருப்பில் பாதியும், உச்சவரம்பு 7 லட்சம். 13,000க்கு 35 மடங்கே 4,55,000. அது அந்தக் குடும்பத்தின் பணம். கேட்க வேண்டும் என்று தெரியாமல் விட்டுப்போகிற வீடுகள் இருக்கின்றன, அதை நினைத்தால் மனது பொறுக்கவில்லை.

அக்டோபர் 19

"காண்ட்ராக்டர் எல்லாம் திருடர்கள்" என்று ஒருவர். அப்படி முடித்துவிட்டால் தீர்வு கிடைக்காது. பணம் எங்கே அடைக்கிறது என்று பாருங்கள்.

50 ஆள் வைத்திருப்பவருக்கு ஆளுக்கு 13,000, நிர்வாகப் பங்கு 2,113, ஆக 15,113. மாதம் 7,55,650. வேலை வாங்கும் நிறுவனம் பில்லை மூன்று மாதம் நிறுத்தினால் 22,66,950 ரூபாயை அவர் கையிலிருந்து போட வேண்டும். சிறிய ஆள் வட்டிக்கு வாங்குவார். அந்த வட்டி எங்கே போய் ஏறும்? 15ஆம் தேதி பிஎஃப்தான் முதலில் நிற்கும். அதன் மேல் டெண்டர். கூலியையும் நிர்வாகப் பங்கையும் குறைக்க முடியாது என்பதால் போட்டி சேவைக் கட்டணத்தில் நடக்கிறது. ஆள்பிடித்து, சீருடை கொடுத்து, மேற்பார்வை பார்த்து, கட்டணம் ஏறக்குறைய சுழியம் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் லாபத்தை எங்கே எடுப்பார் என்று டெண்டரைத் திறக்கிறவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தே குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். முதல் தவறு அந்த மேசையில் நடக்கிறது.

ஆகவே நான் கேட்பது: பில்லை இரண்டாகப் பிரியுங்கள். கூலியும் சட்டப்படியான பங்குகளும் ஒரு பகுதி, அது பில் சச்சரவு எதுவானாலும் மாதம் முடிந்தவுடன் வெளியே வர வேண்டும், கூலி நேராகத் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு. சேவைக் கட்டணம் தனிப் பகுதி, அதற்கு ஒரு கீழ் வரம்பு, அது மட்டும் காண்ட்ராக்டருக்கு. கட்டணத்தை விடுவிக்கும் முன் வாயிலில் பதிவான வருகை நாட்களும் இசிஆர் நாட்களும் ஒத்துப்போகின்றனவா என்று ஆள்வாரியாகச் சரிபார்க்க வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. வேறு இடத்துச் செலானைக் கொண்டுவந்து காட்டுவது பழைய தந்திரம்.

சிறு நிறுவனமாகப் பதிவு பெற்ற காண்ட்ராக்டர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தில் 45 நாளுக்கு மேல் பில்லை நிறுத்த முடியாது, நிறுத்தினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அடுத்த டெண்டர் போய்விடும் என்ற பயத்தில் அதை யாரும் கேட்பதில்லை.

அக்டோபர் 20

பிஎஃப் அனுப்பும் குறுஞ்செய்தியில் தொகையோடு "இம்மாதம் உங்களுக்குக் காட்டப்பட்ட நாட்கள்: 12" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். செலவே இல்லாத திருத்தம். மேலே எழுதியதைவிட இதுதான் முதலில் நடக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அக்டோபர் 26

இஎஸ்ஐ விளிம்பு. 20,900 வாங்குகிறவர் மாதம் 157 ரூபாய் கட்டி, குடும்பம் முழுவதற்கும் வைத்தியம் பெறுகிறார். 200 ரூபாய் ஏற்றி 21,100 ஆக்கினால் எல்லாம் போய்விடுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் கணவர் வீட்டில் இருந்தால் அந்த ஏற்றம் அவர்களுக்கு இடி. "சம்பளத்தை ஏத்தாதீங்க" என்று தொழிலாளியே போய்க் கெஞ்சுகிற நிலைமை.

இப்போதுள்ள விதிக்குள் ஒரு சிறு இடம் உண்டு. பங்களிப்புக் காலம் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30, அக்டோபர் 1 முதல் மார்ச் 31. காலத்தின் நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அந்தக் காலம் முடியும் வரை இஎஸ்ஐ தொடரும், முழுச் சம்பளத்துக்கும் கட்ட வேண்டும். ஏப்ரல் 1ல் ஏற்றினால் அன்றே வெளியே, மே மாதம் ஏற்றினால் செப்டம்பர் வரை உள்ளே. சங்கம் இருக்கும் இடங்களில் ஒப்பந்தத் தேதியைப் பேசும்போது இதைக் கவனியுங்கள்.

கொள்கையில் செய்ய வேண்டியதற்கு முன்மாதிரி பிஎஃப்பிலேயே இருக்கிறது. ஏற்கெனவே உறுப்பினரானவர் 15,000ஐத் தாண்டினாலும் வெளியேற்றப்படுவதில்லை, 15,000க்குக் கட்டித் தொடரலாம். இஎஸ்ஐயும் அப்படி 21,000க்குரிய பங்கைக் கட்டித் தொடர விடலாம். இரண்டு வரம்பும் உறைந்து நிற்பதும் தவறு. பிஎஃப்பில் 15,000 என்பது 2014 செப்டம்பரில் வைத்தது, இஎஸ்ஐயில் 21,000 என்பது 2017 ஜனவரியில் வைத்தது. குறைந்தபட்ச ஊதியத்துக்கு வருடந்தோறும் அகவிலைப்படி ஏறுகிறது, இந்த வரம்புகளுக்கு மட்டும் விலைவாசியே தெரியாதா?

நவம்பர் 2

"காண்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் பிஎஃப்பை எடுத்துவிடுகிறோம், சரியா?" என்று கேட்டவருக்கு.

தேவைக்கு எடுப்பதைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக் கட்டணம் நாளை கட்ட வேண்டும் என்றால் 58 வயது வெகு தூரம். ஆனால் படிவம் 19க்கும் படிவம் 10சிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்து எடுங்கள். 19 பிஎஃப் பணம். 10சி ஓய்வூதியக் கணக்கு. இரண்டாவதை எடுத்தால் அதுவரையிலான சர்வீஸ் அழிந்துவிடும். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம் வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10சி போட்டால் 18 வருடம் உழைத்தும் ஓய்வூதியம் இல்லை. கூட்டிப் பாருங்கள்: சம்பளம் பெருக்கல் சர்வீஸ், வகுத்தல் 70. 13,000க்குப் பத்து வருடம் என்றால் மாதம் 1,857. இருபது வருடம் முடித்தால் இரண்டு வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள், 4,086 வரும். பெரிய தொகை அல்ல. தனியாக வாழும் முதியவருக்கு மருந்துக்கு ஆகும்.

புதுக் காண்ட்ராக்டர் புது யூஏஎன் போட அனுமதிக்காதீர்கள், பழைய எண்ணையே கொடுங்கள். பழையவர் வெளியேறிய தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பணம் விழுந்து இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தளத்தில் நாமே பதியலாம்.

நவம்பர் 23

மேலே எழுதியதில் பலவற்றைத் திருத்த வேண்டும். நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் போனஸ் சட்டமும் 2019 ஊதியச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டன. நான் சொன்ன 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் இன்னொரு தொகுப்புக்குள் போய்விட்டது.

அக்டோபர் 5ல் ஆறு மாதக் கெடு என்றேன். ஊதியத் தொகுப்பின் 45ஆம் பிரிவில் அது மூன்று வருடம். 59ஆம் பிரிவு இன்னும் பெரியது: கூலி கொடுத்தேன் என்று நிரூபிக்கும் சுமை முதலாளியுடையது. சீட்டே தராத இடத்தில் வேலை செய்பவர்களுக்கு இது உண்மையான பலம். வேலையை விட்டாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளில் பாக்கியைத் தீர்க்க வேண்டும். நியமனக் கடிதம் கட்டாயம்.

பின்னடைவும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 20 பேர் என்ற அளவில் தொடங்கின, இப்போது 50 பேர். 120 பேர் வேலையை நாற்பது நாற்பதாக மூன்று காண்ட்ராக்டருக்குப் பிரித்துக் கொடுக்கிற ஆசை வரும். முதன்மை வேலையளிப்பவர் கூலிக்குப் பொறுப்பு என்ற விதி அதே பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் இடத்தில் மொத்தம் எத்தனை பேர், எத்தனை காண்ட்ராக்டர் பெயரில் என்பதை இப்போதே குறித்து வையுங்கள்.

"பாதிக்குப் பாதி" விதியைப் பற்றி: சம்பளக் கணக்கிலிருந்து விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது சம்பளத்தில் சேரும். இதை வைத்து "அடிப்படைச் சம்பளம் 50 சதவீதம் காட்டினால் போதும்" என்கிறார்கள். தவறு. எவை விலக்கு என்று பட்டியல் இருக்கிறது: வீட்டு வாடகைப்படி, பயணப்படி, ஓவர்டைம், போனஸ் போன்றவை. "சிறப்புப்படி" என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி மாதாமாதம் கொடுப்பது அதில் இல்லை. அப்படிப்பட்ட படிகளைப் பிஎஃப்புக்குச் சேர்க்க வேண்டும் என்று 2019 பிப்ரவரி 28லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டிசம்பர் 14

பிஎஃப் அலுவலகம் கடிதம் அனுப்பிய பிறகு காண்ட்ராக்டர் ஆறு மாத நிலுவையைக் கட்டிவிட்டார், மகிழ்ச்சி. ஆனால் "உங்க பங்கையும் நானே கட்டினேன், அடுத்த மாதச் சம்பளத்துல பிடிச்சுக்குறேன்" என்கிறாரா? முடியாது. தொழிலாளி பங்கை அந்தந்த மாதச் சம்பளத்தில் மட்டுமே பிடிக்கலாம், பிறகு பிடிப்பதற்குப் பிஎஃப் திட்டத்தின் 32ஆம் பத்தியில் தடை இருக்கிறது. அதுவும் உங்கள் அம்மாவிடம் ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது. டிசம்பர்ச் சம்பளம் ஜனவரி 7க்குள் விழும், 11,342க்குக் குறைந்தால் வங்கி வரியைப் படமெடுத்து அதே கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள், புதுப் புகார் போட வேண்டாம்.

மாதம் 2,113 கூடுதலாகப் பிடித்தது இதில் தீராது. அது கூலிக் கழிவு, தொழிலாளர் உதவி ஆணையரிடம் தனியாக மனு. எந்த மாதத்திலிருந்து பிடித்தார்கள் என்று வங்கிப் புத்தகத்தில் பாருங்கள், மூன்று வருடம் வரை கேட்கலாம்.